எட்டு வருஷக் கை

ஒரே ஒரு மாலைப்பொழுதில் கண்ணால் கண்டதை எட்டு வருஷத்துக்கு வாங்கிப் போட்டுவிடுகிற ஒரு ஜாதி மனிதர் உண்டு. பேஸ்பால் பைத்தியம் பிடித்த எங்கள் ஏரிக்கரை ஊரில் அவர் பெயர் டுவைட் கெஸ்லிங். மெத்தை விற்றுப் பணக்காரரானவர். எங்கள் ஹெரான்ஸ் அணியின் முதலாளி. புது ஸ்பிரிங் ஒன்றை லட்சம் தடவை அமுக்கிப் பார்க்காமல் மெத்தைக்குள் வைக்க மாட்டார். பந்து எறியும் பிட்சர் என்றால்? ஒரு மாலை போதும்.

அந்த மாலை ஓர் அக்டோபரில் வந்தது. எதிரணியின் கோரி வாண்டர்மோலன், வயது முப்பத்தொன்று, மணிக்குத் தொண்ணூற்றெட்டு மைல் வேகத்தில் எறிந்து எங்கள் ஆட்களைப் பதினாலு முறை வெறும் மட்டையோடு திருப்பி அனுப்பினார். தோற்ற அணியின் முதலாளி எழுந்து நின்று கைதட்டியதை நான் பத்திரிகைக்காரர்கள் மாடத்திலிருந்து பார்த்தேன். முகத்தில் கல்யாணக் களை.

இந்த ஜாதியிடம் வயதைப் பற்றிப் பேசினால், "இப்பதான் கை பதத்துக்கு வந்திருக்கு" என்பார்கள். இதற்கு முன் கை போனவர்களின் பட்டியலை நீட்டினால், "இவன் அவங்கள மாதிரி இல்ல" என்பார்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொருவரைப் பற்றியும் அதைத்தான் சொன்னார்கள்.

எங்கள் அணியின் டாக்டர் ரூத் ஏபெல்சன் கோரியின் கையைப் படம் எடுத்துப் பார்த்தார். "முழங்கை நார் பழைய துணி மாதிரி நைஞ்சிருக்கு. மூணு வருஷத்துக்கு மேல ஒப்பந்தம் வேண்டாம்."

"டாக்டர், நீங்க கையைப் பாக்கறீங்க. நான் அவன் நெஞ்சைப் பாக்கறேன்."

"பந்தை நெஞ்சாலயா எறியறாரு?"

கோரியே நேரில் சொன்னார்: "சார், மூணு வருஷம் போதும். இப்பல்லாம் குளிர்ல விரல் மரத்துப் போகுது."

பக்கத்தில் இருந்த ஏஜென்ட் மேசைக்கடியில் கோரியின் காலை ஓங்கி மிதித்தார். கெஸ்லிங்குக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா, என்ன அடக்கம்!" எட்டு வருஷம், இருபத்துநாலு கோடி டாலர். அந்தச் செலவைச் சமாளிக்க, இளம் ஆட்டக்காரர்கள் நாலு பேரை வேறு அணிகளுக்குத் தள்ளிவிட்டார்.

முதல் வருஷம் நன்றாகத்தான் போயிற்று. இரண்டாம் வருஷம் மே மாதம், எறிந்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு கோரி மைதான நடுவில் குனிந்து நின்றார். அறுவை சிகிச்சை; ஒன்றரை வருஷ ஓய்வு. திரும்பி வந்தபோது வேகம் எண்பத்தெட்டு மைல்.

"யப்பா கோரி, தபால்ல போட்டிருந்தாக்கூட இதவிடச் சீக்கிரம் வந்திருக்கும்!" என்று கூட்டம் கத்தியது. கோரி கடைகண்ணிக்குப் போவதையே நிறுத்திவிட்டார். ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "நான் ஏமாத்தலண்ணே. முழு பலத்தோடதான் எறியறேன். கைதான் கேக்க மாட்டேங்குது." அன்று அதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஐந்தாம் வருஷ முடிவில் அவர் முதலாளியின் அறைக்குப் போனார். "மீதி மூணு வருஷப் பணம் வேண்டாம் சார். நான் ஆட்டத்தை விட்டுட்டு வீட்டுக்குப் போறேன்."

எந்த முதலாளியும் சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டாமா? கெஸ்லிங் கெஞ்சினார். "அவசரப்படாத தம்பி. அடுத்த வருஷம் அந்தக் கை திரும்பி வருது பாரு!"

"அந்தக் கை போயே போச்சு சார். இருக்கிற கையாலதான் எம்பொண்ணத் தூக்கணும்."

கையெழுத்துப் போட்டுவிட்டு மிச்சிகனுக்குப் போனார். அங்கே ஒரு பள்ளி அணிக்குப் பயிற்சி தருகிறார், கடைக்கும் போகிறார்.

மிச்சமான ஒன்பது கோடியை கெஸ்லிங் என்ன செய்தார்? பத்தே நாளில் முப்பத்துமூன்று வயது இடதுகைக்காரர் ஒருவரைப் பிடித்தார். ஒன்பது வருஷம். டாக்டர் ஏபெல்சன் படத்தைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், ராஜினாமாக் கடிதத்தை நீட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் போன வாரம், யாரோ ஒரு பையனின் ஒரே ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "இவன விட்ரக் கூடாதுய்யா, எவ்வளவு கேட்டாலும் குடுத்துரணும்!" என்று பக்கத்து இருக்கைக்காரரின் தொடையில் அடித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? நல்ல வேளை, அப்போது உங்கள் கையில் பேனா இல்லை.