காய்ச்சல் விட்ட பிறகு பயப்படுகிறவர்

மனிதர்களை விட அவர்களுடைய ரத்தத்துக்கு அதிக மரியாதை கொடுத்த ஒரே ஜீவன் இந்தப் பூமியில் எங்கள் ‘வெள்ளையணு அக்கா’தான்.

ஓசூரில் நாங்கள் தங்கியிருந்த மேன்ஷனுக்குக் கீழே அவருடைய ரத்தப் பரிசோதனை லேப். தமிழில் பேசுவார், கன்னடத்தில் எண்ணுவார், கோபம் வந்தால் தெலுங்கில் திட்டுவார். மைக்ராஸ்கோப்பில் குனிந்ததும், “வாங்கய்யா வாங்க! எல்லாரும் டூட்டிக்கு வந்துட்டீங்களா?” என்பார். வெளியே பெஞ்சில் இருப்பவர்கள், “வந்துட்டோங்க்கா!” என்பார்கள். “உங்கள யாரு கேட்டா? நான் வெள்ளையணுவ கேக்குறேன்!”

பக்கத்துப் பேரிகை ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில் சீழ் என்பது எத்தனை வீரர்களின் தியாகம் என்று விளக்கியிருக்கிறார். பாயசம் வருவதற்குள் அக்காவுக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் இலையை விட்டு எழுந்து போய்விட்டார்கள்.

என் அறைத்தோழன் சிவாவுக்கு டெங்கு வந்தது. முன்பே ஒருமுறை வந்து போனதால் பயலுக்கு அலட்சியம். எங்கள் கம்பெனி லைனில் ஓர் ஆள் குறைந்தால் பக்கத்து ஆள் இரண்டு மெஷின் ஓட்ட வேண்டும். அதனால் காய்ச்சல் விட்ட அன்றே ஷூ மாட்டிவிடுவது எங்கள் வழக்கம். சிவாவும் மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டான்.

கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து பஸ்ஸுக்கு முன்னால் நின்றார் அக்கா.

“எறங்குடா சிவா!”

“காச்சல் உட்டுடுச்சுக்கா!”

“அதான்டா எனக்குப் பயம்! காலைல எடுத்த ரத்தத்துல பாத்தேன், தட்டணு, அதான் பிளேட்லெட், எறங்குது, ரத்தம் கெட்டியாயிட்டே வருது.”

டிரைவர் பொறுமையிழந்து, “அக்கா, ஹொத்தாய்த்து!” என்று நேரமாவதைக் கன்னடத்தில் சொன்னார்.

“ஸ்வல்ப இரு!” என்று அவரை அடக்கிவிட்டு, பஸ்ஸுக்கே பாடம் நடத்தினார். “போன தடவ வந்த கிருமி ஒரு ரகம், இது வேற ரகம். உள்ள இருக்குற காவக்காரங்க பழைய திருடன்தான்னு நெனச்சு இந்தப் புதுக் கிருமியப் புடிக்கிறாங்க. புடிக்கத் தெரியுது, கொல்லத் தெரியல. அப்படியே வெள்ளையணுக்குள்ள கூட்டிட்டுப் போயி உட்டுர்றாங்க. அவன் அங்கயே குட்டி போடுறான். அப்புறம் மொத்தப் படையும் வெறிபுடிச்சு எறங்குது. அதுல ரத்தக்குழாயே ஒழுகும்டா!”

காப்பாற்ற வந்த கையே ஆளைக் கவிழ்க்குமா? பின்சீட்டிலிருந்து ஒரு குரல், “அக்கா, எனக்குப் போன வருசம் வந்துச்சு, நானும் எறங்கட்டுமா?” என்றது.

சிவா முனகிக்கொண்டே இறங்கினான். இரண்டடி வைப்பதற்குள் கால் மடங்கி, கூடவே இறங்கிய என் மேல் சாய்ந்தான். கை ஐஸாக இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவசரமாக டிரிப்ஸ் ஏற்றினார். “ஷிப்டுக்குப் போயிருந்தா ஆளைப் பார்த்திருக்க முடியாது” என்றார்.

அவன் தேறும்வரை அக்கா லேபுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்தார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் சிவாவின் ரத்தத்தைக் காட்டினார். எனக்கு ஊதாப் பொட்டுகள்தான் தெரிந்தன. “சண்டைய நிறுத்திட்டு வீட்டுக்குக் கெளம்பிட்டாங்க பாருங்க. அடிச்சது போதும்னு சொல்றதுக்கும் உள்ள தனி ஆளுங்க இருக்காங்க. நம்மள இவ்ளோ நேர்த்தியா யாரு செஞ்சா?” என்று மறுபடி லென்ஸில் குனிந்தார்.

சிவா வீடு திரும்பிய அன்று கஞ்சி கொண்டுவந்தார். அவன் கடைசி வாய் குடிக்கும்வரை நகரவில்லை. எனக்குக் கூடப்பிறந்த அக்கா கிடையாது. அன்றோடு அந்தக் குறை போய்விட்டது.