மத்தியானத்துக்குள் முடிந்த ராஜ்யம்

ஒரு ராஜ்யத்தை ஒரே காலையில், அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே அழித்து முடித்தவள் நான். சுந்தராபுரத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்துகொண்டு இதைச் செய்தேன் என்றால் யாரும் நம்புவதில்லை. கல்லூரியில் என்னிடம் கணக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது தெரியாது. தெரிந்தால் என் மேல் மரியாதை கொஞ்சம் கூடலாம். முழுக் கதையும் தெரிந்தால் இருக்கிற மரியாதையும் போய்விடும்.

விஷயம் இதுதான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற ஒரு வகை ஆட்டம் இருக்கிறது. ஒருவர் ஓர் உலகத்தைச் சொல்லிக்கொண்டே போவார். மற்றவர்கள் அந்த உலகத்தில் ஆளுக்கொரு மனிதராக மாறி, என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். சந்தேகம் வந்தால் பகடையை உருட்டுவார்கள். இதில் சாண்ட்பாக்ஸ் என்று ஒரு ரகம் உண்டு. கதை இந்தப் பக்கம்தான் போகவேண்டும் என்று கட்டாயம் கிடையாது. ஆடுகிறவர்கள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். அவர்கள் கண்டுகொண்டாலும் கொள்ளாவிட்டாலும் உலகம் தன்பாட்டுக்கு நடக்கவேண்டும். போர் வரும், மழை வரும், ராஜா சாவார். எது எப்போது வரவேண்டும் என்று தீர்மானிப்பது நடத்துகிறவரின் வேலை. அந்த ஒரு வேலைதான் எனக்கு வராது. (மற்றதெல்லாம் வரும். குரல் மாற்றிப் பேசுவேன். மந்திரி குரல் பிரமாதமாக இருக்கும்.)

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் மூன்று பேர் ஆடினார்கள். என் கணவர் பிரபு. என்னோடு கல்லூரியில் பாடம் எடுக்கும் ஜெனிஃபர். பிரபுவோடு பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்த்த செந்தில். செந்திலுக்குச் சொந்த ஊர் கிணத்துக்கடவு. அதிர்ந்து பேசாத மனிதர்.

நான் ஒரு நோட்டு முழுக்க உலக நடப்புகளை எழுதி வைத்திருந்தேன். எல்லையில் அந்நியப் படை. மேற்கு மலையில் பெருமழை. கொள்ளை நோய். ராஜாவின் மரணம். கடைசியில் ஊரையே நிழலாக்கிக்கொண்டு வரும் ஒரு பறக்கும் பாம்பு. ஆனால் இவர்கள் மூவரும் முதல் மாதமே கல்துறை என்கிற ஆற்றங்கரை ஊரில் சந்தை போட ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஜாடையாக, "எல்லையில ஏதோ படை வந்து நிக்குதாம்" என்பேன். செந்தில் தலையாட்டிவிட்டு, "நிக்கட்டுங்க. இந்தப் பானைக்கடைக்காரருக்கு நெழல் இல்லீங்க, ஒரு பந்தல் போட்டுத் தரலாமுங்களா?" என்பார்.

சரி, இவர்கள் பார்க்கும்போது பார்த்துக்கொள்ளட்டும் என்று படையை அங்கேயே நிற்கவைத்தேன். மழையை மேகத்திலேயே நிறுத்தினேன். இப்படியே எட்டு மாதம் போனது.

அப்போதுதான் செந்திலுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. அடுத்த வெள்ளிக்கிழமை விமானம். ஒரே ஒரு ஞாயிறு மிச்சம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுதிய நடப்பெல்லாம் என்ன ஆவது? அவருக்கு ஒரு மறக்கமுடியாத கடைசி ஆட்டம் தந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். மறக்கமுடியாதபடிதான் ஆனது.

அன்றைக்குச் செந்தில் தன் மனைவி மகேஸ்வரியையும் அழைத்து வந்திருந்தார். மகேஸ்வரி வாய்க்கால் பாசனத்தில் உதவிப் பொறியாளர். எந்த மடைக்கு எந்த நாளில் தண்ணீர் திறப்பது என்று முறை வைக்கிற வேலை. ஆட்டத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு தூக்குப் போசி நிறைய அரிசிம்பருப்புச் சாதத்தோடு வந்தவர், "நானு சும்மா உக்காந்து பாத்துட்டிருக்கறனுங்க" என்று ஓரமாக உட்கார்ந்துகொண்டார். புதிதாக ஒருவர் பார்க்கிறார் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பத்து மணிக்கு ஆரம்பித்தேன். பத்தேகாலுக்கு வெள்ளம் வந்தது. வெள்ளத்தை என்ன செய்வது என்று அவர்கள் பேசி முடிக்கும் முன் ஒரு தூதன் ஓடிவந்து ராஜா இறந்தார் என்றான். அவன் மூச்சு வாங்கி முடிக்கும் முன் இன்னொருவன் கொள்ளை நோய் என்றான். மூன்றாவது ஆள் படை வருகிறது என்று கத்தினான்.

"இவனுங்களுக்கு ஒரு டிராபிக் போலீஸ் போடு அம்மணி. ஒருத்தன் மேல ஒருத்தன் மோதிக்கப் போறானுங்க" என்றார் பிரபு. நான் அதை ரசிகரின் பரவசம் என்று எடுத்துக்கொண்டேன்.

பத்தே முக்காலுக்குப் பறக்கும் பாம்பு வந்தது. சந்தையைக் காப்பாற்றச் செந்தில் பகடையை உருட்டினார். இரண்டுதான் விழுந்தது, போதாது. நான் எழுந்து நின்று, கைகளை விரித்து, மந்திரி குரலில் சொன்னேன்: "கல்துறைச் சந்தை எரிந்தது! எரிந்ததை வெள்ளம் கொண்டு போனது!" எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். ஜெனிஃபர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி பதினொன்று. சாயங்காலம் ஐந்து வரை ஆடுவதாக ஏற்பாடு.

செந்தில் தன் நோட்டை மெதுவாக மூடினார். மூடும்போதுதான் அந்தப் பக்கம் என் கண்ணில் பட்டது. சந்தையில் கடை போட்டிருந்த ஒவ்வொருவரின் பெயரும் வரிசையாக எழுதியிருந்தது. பானைக்கடைக்காரர், அவர் மகள், கருவாட்டுக்காரி, மாட்டுத் தரகர் எல்லாரும். பாதிப் பெயர்கள் போகிற போக்கில் நான் சொன்னவை. நானே மறந்துவிட்டேன்.

"சரிங்க. நல்லா இருந்துச்சுங்க" என்று குனிந்தபடியே எழுந்தார் செந்தில்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் யாராவது திட்டினால் கவலைப்பட வேண்டாம், சமாதானம் ஆகிவிடலாம். குனிந்தபடி 'நல்லா இருந்துச்சுங்க' என்று சொல்லிவிட்டு எழுந்தால் அவர் மனது நொறுங்கிவிட்டது என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை விமானம் ஏறப்போகிற மனிதரை இப்படி அனுப்பக்கூடாது. சமாளிப்பதற்காக, "காபி குடிக்கறீங்களா?" என்று கேட்டேன். (ராஜ்யத்தை அழித்தவள் கேட்கிற கேள்வியா இது?)

அப்போதுதான் மகேஸ்வரி வாய் திறந்தார்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா? தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த மழை எங்க பேஞ்சுதுங்க?"

நான் வரைந்து வைத்திருந்த வரைபடத்தில் மேற்கு மலையைக் காட்டினேன்.

"அங்கிருந்து சந்தை எவ்வளவு தூரமுங்க?"

"மூணு நாள் நடை."

"அப்ப தண்ணி வந்து சேர எப்புடியும் ரெண்டு நாள் ஆகுமுங்களே. மேல இருக்கற ஊர்க்காரங்க ஒரு ஆளக் குதிரையில ஏத்தியாச்சும் சொல்லி உட்டிருக்க மாட்டாங்களா?"

"உட்டிருப்பாங்க" என்றேன். அதை நான் யோசித்ததே இல்லை.

"படை எந்தக் கரையிலிருந்துங்க வருது?"

"அக்கரை."

"இத்தன வெள்ளத்துல எப்புடிங்க தாண்டுனாங்க?"

கணக்கு வாத்தியாரம்மா நான், வரைபடத்தில் ஒரு பாலத்தைத் தேடினேன். அவர் குரலில் துளிகூடக் கேலி இல்லை. கரை உடைந்தால் எங்கே உடைந்தது என்று விசாரிப்பாரே, அதே அக்கறை.

"அந்த நோவு மொதல்ல யாருக்குங்க வந்துச்சு?"

"படையிலதான். எட்டு மாசமா எல்லையில நின்ன படை."

"எட்டு மாசமா ஒரே எடத்துல நின்னா வராதுங்களா பின்ன? அத்தன பேருக்கும் சோறு யாருங்க போட்டாங்க?"

சாதாரணமான கேள்விதான். ஆனால் நான் கண்ணில் தண்ணீர் வரச் சொன்ன அத்தனை வசனத்தையும் அந்த ஒரு கேள்வி தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. ஜெனிஃபர் மின்விசிறியை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். செந்தில், எழுந்தவர், திரும்ப உட்கார்ந்தார்.

மகேஸ்வரி சுவரிலிருந்த மாதக் காலண்டரில் போன மாதத் தாளைக் கிழித்துத் தரச் சொன்னார். அதன் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, ஒவ்வொரு நடப்பும் எங்கே தொடங்கும், சேதி எந்த வழியாக வரும், சந்தைக்கு என்றைக்கு எட்டும் என்று என்னிடமே கேட்டுக் கேட்டு எழுதினார். ஒரு இடத்தில்கூட என் கதையை அவர் மாற்றவில்லை. நான் குவித்துக் கொட்டியதை நாள்வாரியாக எடுத்து அடுக்கினார், அவ்வளவுதான். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வெட்கம் போய், கைதட்டலாமா என்று தோன்றியது.

"காலைல நடந்தது ஒரு கெட்ட கனா. ஜோசியக்காரர் கண்டது" என்று அறிவித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

இந்தத் தடவை மேல்கரை ஊரிலிருந்து ஒரு மாட்டு வியாபாரி மட்டும் குதிரையில் வந்து, நாளைக்கு ஆறு பெருகும் என்றான். அவர்களுக்கு ஒரு பகல் கிடைத்தது. செந்தில் நோட்டைத் திறந்து, பெயர் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு கடையாக மேட்டுக்கு ஏற்றினார். கருவாட்டுக்காரி வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். (நான்தான் அடம்பிடித்தேன். நன்றாகவே பிடித்தேன்.) பிரபு அவளைக் கூடையோடு தூக்கிக்கொண்டு போனார். வெள்ளம் வந்து வெறும் பந்தல் கால்களை மட்டும் கொண்டுபோனது.

சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தோம். வெள்ளம் வடிந்ததும் அக்கரையிலிருந்து பரிசலில் மூன்று சிப்பாய்கள் வந்தார்கள். சண்டைக்கு இல்லை, அரிசி கிடைக்குமா என்று கேட்டு. செந்தில் அந்தச் சிப்பாய்களின் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு, "மொதல்ல கஞ்சி ஊத்துங்க. பொறகு பேசிக்கலாம்" என்றார். அந்த வார்த்தையோடு போர் முடிந்தது. நான் எட்டு மாதமாக எழுதி வைத்திருந்த போர்!

மணி ஐந்தானது. நான் தயங்கியபடி, "இன்னும் அந்தப் பாம்பு பாக்கி இருக்குதுங்க" என்றேன்.

மகேஸ்வரி காலண்டர் தாளைப் பார்த்தார். "அது அடுத்த வருசம் வரட்டுங்களே. என்னுங்க அவசரம்?"

அடுத்த வருசம் என்றால் ஆட்டம் தொடரும் என்று அர்த்தம். செந்தில் முதல்முறையாகச் சிரித்தார். கிளம்பும்போது வாசலில் நின்று, "அங்க வெள்ளிக்கெழம லீவுங்க. போன்ல கூப்புட்டா நான் ஆடுவனுங்க" என்றார். அன்றிலிருந்து எங்கள் ஆட்டம் வெள்ளிக்கிழமைச் சாயங்காலத்துக்கு மாறிவிட்டது. உலகத்தின் காலண்டர் மகேஸ்வரியிடம் இருக்கிறது. ஒரு பஞ்சம் கொண்டுவர வேண்டும் என்றால்கூட நான் அவரிடம் முன்கூட்டியே சொல்லி நாள் வாங்கவேண்டும். போன மாதம் ஒரு நிலநடுக்கம் கேட்டேன். தை வரைக்கும் இடமில்லை என்றுவிட்டார்.

வீட்டில்தான் என் மானம் போனது போனதுதான். விருந்தாளிகள் வந்து நான் அடுப்படியில் கொஞ்சம் தாமதித்தால் போதும், கூடத்திலிருந்து பிரபுவின் குரல் வரும்: "சீக்கிரம் எலையப் போடு அம்மணி. இவங்களையும் எட்டு மாசம் நிக்க வெச்சுப்போடாத." யாருங்க நின்னாங்க என்று விருந்தாளிகள் கேட்பார்கள். உடனே அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முழுக் கதையையும் ஆரம்பிப்பார். நான் சாதத்தை எடுத்துவந்து பரிமாறிவிட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை, ஆறிப்போகிற ரசத்தோடு நின்றுகொண்டிருப்பேன்.