பிரசவ வார்டில் அப்பா

எங்கள் அக்காவை அழைத்துக்கொண்டு போய், பதிலுக்குக் காப்பீட்டு ஆலோசனை வழங்கிவரும் அன்புள்ள அத்தானுக்கு, மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அப்பாவும் நலம். சிரித்தால் மட்டும் தையல் போட்ட இடம் வலிக்கிறதாம், ஆகவே உங்கள் அலுவலகத்தின் புதிய திட்டத்தைப் பற்றி அவரிடம் யாரும் பேசுவதில்லை.

காப்பீட்டு அட்டையை நீட்டினால் எந்த ஆஸ்பத்திரிக் கதவும் திறக்கும் என்று போனில் சொன்னீர்களே, எங்கள் அரசு ஆஸ்பத்திரிக் கதவு திறந்துதான் கிடக்கிறது அத்தான், உள்ளே அறுவை மருத்துவர்தான் இல்லை. ஊருக்கெல்லாம் அட்டை கொடுத்தாகிவிட்டது, இனி இங்கே இவர் எதற்கு என்று அவரை எங்கோ மாற்றிவிட்டார்கள். உங்கள் பட்டியலில் எங்கள் பஸ் போகும் தூரத்தில் இருப்பது ஒரே ஒரு தனியார் ஆஸ்பத்திரி, அதுவும் பிரசவ ஆஸ்பத்திரி. அப்பாவோ குடலிறக்கத்தைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சாரத்தில் ஏறிச் செங்கல் வைத்துக்கொண்டிருந்தவர், போன வாரம் சாரத்திலேயே சுருண்டு உட்கார்ந்துவிட்டார். பிரசவ ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் அறுவை மருத்துவர் அழுத்திப் பார்த்துவிட்டு, இனியும் தள்ளினால் குடல் முறுக்கிக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து, இங்கேயே செய்துவிடலாம், வயிறு வயிறுதானே என்றார்.

“மீசையை வெச்சுக்கிட்டுப் பிரசவ வார்டுல படுக்கச் சொல்றியாடா?” என்று அப்பா என்மேல் பாய்ந்தார்.

“அப்ப மீசையைக் கழட்டி வீட்ல வெச்சுட்டு வாங்க. நான் ரெண்டு தடவ படுத்தேனே, கூரையா இடிஞ்சு விழுந்துச்சு?” என்றாள் அம்மா. பையைத் தூக்கிக்கொண்டு முதலில் பஸ் ஏறியவளும் அவள்தான்.

அங்கே போனால் அடுத்த கூத்து. புதிய விதிப்படி குடலிறக்கத்தை அரசு ஆஸ்பத்திரியில் செய்தால்தான் காப்பீடாம். அங்கே டாக்டர் இல்லையே என்றால், அது எங்கள் துறை இல்லை என்கிறார்கள் உங்கள் ஆட்கள். இந்த விதியை எழுதியவருக்கு ஒரு துண்டைக் கட்டிச் சாரத்தில் ஏற்றிவிட வேண்டும். “எதுக்கும் அனுப்பிப் பாப்போம் தம்பி” என்று ஆஸ்பத்திரி எழுத்தர் கணினியில் தட்டினார். சற்று நேரத்தில் அப்பா பெயருக்கு அனுமதி வந்தேவிட்டது, சிசேரியன் செய்வதற்கு! எழுத்தர் தலையைச் சொறிந்தார். “நாள் பூரா இதையேதான் தட்டுறேன், கை தானா போயிருக்கும்.” மருத்துவர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், உள்ளே கொண்டுவாங்க என்றார். மறுநாள் உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்து, “குழந்தை பால் குடிக்குதா?” என்று விசாரித்தாள். “பீடி கேக்குதுங்க” என்றேன். வாழ்த்துகள் சொல்லி வைத்துவிட்டாள்.

இப்போது அப்பா வார்டுக்கே செல்லம். பக்கத்துக் கட்டிலில் தலைப்பிரசவத்துக்கு வந்த பெண், அதே நாளில் வயிற்றில் கத்தி பட்டவள், “பெரியப்பா, இருமறப்ப தலையணையை வயித்துல அமுக்கிக்குங்க” என்று வைத்தியம் சொல்கிறாள். இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒன்றாக நடை பழகுகிறார்கள். அவள் குழந்தை அப்பாவின் குறட்டை கேட்டால்தான் தூங்குகிறது. வேதனை தெரியாத அப்பாவின் முகத்தை எத்தனையோ நாளைக்குப் பிறகு பார்க்கிறேன் அத்தான். ஆகவே ஒரே வேண்டுகோள்: அலுவலகத்தில் வாயைத் திறக்காதீர்கள். மேலதிகாரியிடம் நேர்மையைக் காட்டுவது உங்கள் வழக்கம், அதற்குக் கொஞ்ச நாள் லீவு கொடுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு அப்பா படுத்தபடியே ஆசி சொன்னார், மீதியை எழுந்து நின்று சொல்வாராம். உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள், அட்டையை நம்பி இருந்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஆஸ்பத்திரிக் கூடத்தில் ஒரே சத்தம். பக்கத்துக் கட்டில் பெண்ணை வீட்டுக்கு விடமாட்டார்களாம். அவள் அட்டைக்கு வந்திருக்கும் பதில்: குடலிறக்கம், அனுமதி இல்லை. எழுத்தர் இரண்டு அட்டைகளையும் மாற்றித் தட்டியிருக்கிறார்! செலவு முழுவதையும் கட்டச் சொன்னதில், சூளையில் மண் மிதிக்கும் அவள் புருஷன் சுவரில் சாய்ந்துவிட்டான். நாம் பேசாமல் இருந்துவிடலாம் என்று அப்பாவின் காதில் சொன்னேன். “போடா! அந்தப் பொண்ணு உசுரக் குடுத்துப் பெத்ததை என் பேர்ல எழுதிக்கிட்டு நான் வீட்டுக்குப் போறதா? உங்க அத்தானுக்கு உள்ளதை எழுது. தெச்சதைப் பிரிக்கவா போறாங்க?” என்றார். எனவே மேலே கேட்டதை மறந்துவிட்டு, இது கையில் கிடைத்த உடனே மேலதிகாரி அறைக்குப் போய், தெருவுக்குக் கேட்கும்படி வாயைத் திறங்கள். அவளும் குழந்தையும் வாசல் தாண்டும்வரை கட்டிலை விட்டு இறங்கமாட்டேன் என்று அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கட்டிலுக்காக வந்திருக்கும் நிறைமாதக்காரி ஒருத்தி, இடுப்பில் கையை ஊன்றி அவரையே முறைத்தபடி நிற்கிறாள். சீக்கிரம், அத்தான்.