மூன்றாம் வரிசையிலிருந்து தம்பிக்கு

லேக்வுட், கொலராடோ
பிப்ரவரி 8, சனிக்கிழமை காலை

அன்புள்ள தம்பி கிளைடுக்கு,

அண்ணன் ஓரின் எழுதுவது. இங்கு நான் நலம் என்று எழுதினால் அது மரியாதைக்காகச் சொல்லும் பொய். பசிக்கிறது, தூக்கம் வருகிறது, அதற்கு மேல் விசாரிக்காதே. நீயும் லோயிஸும் பிள்ளைகளும் சுகமாக இருப்பதை உன் கடிதத்தில் படித்துச் சந்தோஷப்பட்டேன். "குடும்பத்தோடு பனிச்சறுக்குக்குப் போய்வர விசாலமான, நம்பகமான எஸ்.யூ.வி. ஒன்று வாங்கப் போகிறோம். முப்பத்தோரு வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்தவர், எதையும் அளந்து பார்க்கிறவர், எது நல்லது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன். வாங்காதே. விடையை மட்டும் எழுதி வழியை எழுதாத மாணவனுக்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன் என்பது உனக்குத் தெரியும். ஆகையால் வழியையும் எழுதுகிறேன். நேரத்துக்குக் குறைவில்லை. மகன் கிரேடியும் மருமகள் மரிசோலும் பிள்ளைகளும் விடியற்காலை ஐந்து மணிக்கே மலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நான் மட்டும்தான்.

ஆறு வயதிலிருந்து குளிர்காலத்துச் சனிக்கிழமைகளில் நான் எங்கே இருப்பேன் என்று உன்னை எழுப்பிக் கேட்டாலும் சொல்வாய். என் மனைவி ஐரீன் இறந்த வாரத்தைத் தவிர, போன மாதம் வரை ஒரு சனிக்கிழமையும் நான் மலையைத் தவறவிட்டதில்லை. மகனும் மருமகளும் பிள்ளைகள் மூன்றும் அவர்கள் காரில் போவார்கள், நான் என் பழைய வேகனில் பின்னாலேயே போவேன். வேகனுக்கு இருபத்தோரு வயது, கதவில் ஒரு நசுங்கல், ஹீட்டர் போட்டால் நனைந்த நாய் வாசனை வரும், ஆனால் ஒரு நாளும் நின்றதில்லை. போன இலையுதிர் காலத்தில் கிரேடி என் அறைக்கு வந்து, "அப்பா, எதுக்கு ரெண்டு வண்டி? உங்க வேகனைக் குடுத்துட்டுப் பெருசா ஒண்ணு எடுத்துடலாம். எல்லாரும் ஒண்ணாப் போலாம். கண்ணாடியில உங்களைத் தேடித் தேடி எனக்குக் கழுத்தே சுளுக்கிக்கிச்சு" என்றான். எல்லோரும் ஒன்றாக. இந்த இரண்டு வார்த்தைக்குத்தான் தம்பி, ஒரு நல்ல வண்டியைத் தூக்கிக் கொடுத்தேன்.

கார் பார்க்கப் போன அன்று சறுக்குப் பலகைகள், பூட்ஸ், ஹெல்மெட், சாப்பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொன்னேன். செருப்பு வாங்கப் போகிறவன் காலைக் கொண்டுபோக வேண்டாமா? கிரேடி, "அப்பா, ஷோரூம்ல மானத்தை வாங்காதீங்க" என்றான். வெறும் கையோடு போனோம். சினிமாக் கொட்டகைக்கு வந்தது போலப் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து, காப்பிக் கோப்பை வைக்கும் குழிகளை எண்ணினார்கள். பத்தொன்பது இருந்தன. விற்பனையாளர் கதவைத் தட்டிக்கொண்டே, "ஏழு பேர் தாராளமா உக்காரலாம் சார்" என்றார். "சாமான்களோடயா?" என்று கேட்டேன். "சாமான் வேற விஷயம் சார்" என்றார். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். கேள்விக்குப் பதில் வந்தும் நாங்கள் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். என் வகுப்பிலும் கடைசி பெஞ்சில் இப்படி நாலு பேர் இருப்பார்கள்.

முதல் பயணத்தன்று மூன்றாம் வரிசையை நிமிர்த்தி வைத்தால் அதற்குப் பின்னால் ஒரு ரொட்டிப் பொட்டலம் வைக்கத்தான் இடம் இருக்கிறது என்பது தெரிந்தது. அதனால் அந்த வரிசையில் பாதியை மடக்கிச் சாமானை ஏற்றினோம், மீதிப் பாதி எனக்கு. அதில் நான் எப்படிப் போய் உட்காருவது? நடு வரிசையைச் சாய்த்தால்தான் வழி. ஆனால் சின்னவர்கள் இரண்டு பேரும் ஜன்னல் வேண்டும் என்று அடம்பிடித்ததால், இரண்டு ஓரத்திலும் அவர்களுடைய பாதுகாப்பு நாற்காலிகளைப் பட்டை போட்டு இறுக்கியிருந்தார்கள், அவற்றைச் சாய்க்க முடியாது. ஆக எழுபத்திரண்டு வயதில், பின்கதவைத் திறந்து பைகளுக்கு மேலே தவழ்ந்து போய், முழங்கால் தாடையில் இடிக்க, காதோரம் பன்னிரண்டு சறுக்குப் பலகைகளோடு உட்கார்ந்தேன். சாமான் இறங்கினால்தான் நான் இறங்க முடியும். மலையில் பிள்ளைகள் இறங்கினார்கள், சாமான் இறங்கியது, பின்கதவு தானாக மூடிக்கொண்டது, பூட்டும் விழுந்தது. உள்ளிருந்து திறக்கப் பிடி கிடையாது. நான் அசைந்த அசைவுக்குத் திருட்டு மணி அடிக்க ஆரம்பித்து வண்டி நிறுத்துமிடமே திரும்பிப் பார்த்தது. தூரத்தில் எட்டு வயது ஓட்டோவின் குரல் கேட்டது: "அம்மா, தாத்தாவை இறக்க மறந்துட்டோம்!"

அடுத்தது டயர். பனி டயர் போடு என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். "நாலு சக்கரமும் இழுக்கும்பா, எதுக்கு வீண் செலவு?" என்றான். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிறவனிடம் என்ன பேசுவது? நாலு கால் பாய்ச்சலில் ஓடுகிற குதிரைதான், ஆனால் நாலு காலிலும் எண்ணெய் தடவியிருந்தால் அது எங்கே நிற்கும்? இழுப்பது வேறு, நிற்பது வேறு. கணவாய் தாண்டி இறக்கத்தில் கிரேடி பிரேக் போட்டான். வண்டி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல், கல்யாண ஊர்வலம் போல நிதானமாகப் போய்ப் பனிமேட்டில் மூக்கைச் செருகிக்கொண்டது. முன்திரையில் ஒரு காப்பிக் கோப்பைப் படம் வந்து, 'சற்று ஓய்வெடுக்கலாமே' என்றது. பின்னால் வந்த ஒரு கார் ஓரமாக நின்றது. கதவில் நசுங்கல். என் வேகன் தம்பி! சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண் இறங்கி, உள்ளேயிருந்து என் மண்வாரியையும் என் கயிற்றையும் எடுத்து வந்து எங்களை வெளியே இழுத்துவிட்டாள். "இதெல்லாம் வண்டிக்குள்ளயே இருந்துச்சுங்க. வித்தவர் செத்துப்போயிருக்கணும், பாவம். உயிரோட இருக்கிறவர் இப்படி ஒரு வண்டியைக் குடுப்பாரா?" என்றாள். கிரேடி கயிற்றைச் சுருட்டி அவளிடம் கொடுத்தான். நான் பின்னாலிருந்து கையை ஆட்டினேன். கறுப்புக் கண்ணாடி, அவளுக்குத் தெரியவில்லை.

அதற்கப்புறம் பனி டயரும் வந்தது, இட நெருக்கடிக்கு வண்டியின் கூரைமேல் ஒரு நீளப் பெட்டியும் வந்தது. பெட்டியில் பலகைகள் போனதும் எனக்கு ஒரு காலை நீட்ட இடம் கிடைத்தது. இரண்டு வாரம் நீட்டினேன். மூன்றாம் வாரம் திரும்பி வந்ததும் கிரேடி களைப்பில் கராஜ் கதவுக்குப் பொத்தானை அமுக்கினான். நான் பின்னாலிருந்து, "பெட்டி! டேய், பெட்டி!" என்று கத்தினேன். "வீட்டுக்கு வந்தாச்சுப்பா, நிதானமா எடுத்துக்கலாம்" என்றபடியே வண்டியை உள்ளே விட்டான். வண்டி உள்ளே வந்தது. பெட்டி வரவில்லை. அது இடித்த கராஜ் வாசலின் மேல்சட்டத்திலிருந்து ஒரு துண்டு மட்டும் கூட வந்தது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மாடியில் பேசியது, சூட்டுக்காற்றுக் குழாய் வழியாக என் கீழ்த்தள அறைக்கு அப்படியே கேட்டது. மரிசோல் நல்ல பெண், அதுதான் கஷ்டம். "மாமா பாவங்க. அந்தப் பின்சீட்டுல மடங்கி மடங்கி வர்றதைப் பாக்கவே சங்கடமா இருக்கு. அதை முழுசா மடக்கிட்டா எல்லாம் உள்ளயே போயிடும், பெட்டியே வேண்டாம்" என்றாள். "அவர்கிட்ட யார் சொல்றது?" "நீங்கதான். உங்க அப்பா." "உன் பேச்சைத்தான் அவர் கேப்பார்." பிறகு தட்டு கழுவும் சத்தம்தான் கேட்டது. யாரும் வந்து என்னிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை ஐந்து மணிக்கு நான் முழு உடுப்போடு, பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு கராஜுக்கு வந்தேன். மூன்றாம் வரிசை மடங்கித் தரையோடு தரையாகக் கிடந்தது. கிரேடி என் முகத்தைப் பார்க்காமல், "அப்பா, உங்களை மாதிரி அடுக்க யாராலயும் முடியாது. கொஞ்சம் கை குடுங்களேன்" என்றான். கொடுத்தேன். கனமானது அடியில், நீளமானது ஓரத்தில், மெத்தென்றது சந்தில். கால் மணி நேரத்தில் எல்லாம் உள்ளே போய்விட்டது. கதவு பட்டென்று மூடியது. ஓட்டோ, "சூப்பர் தாத்தா! இன்னும் ஒரு ஆள் வந்தாலும் இடம் இருக்காது!" என்றான்.

இன்றோடு நாலு சனிக்கிழமை ஆகிறது. நான்தான் அடுக்குகிறேன். என் இடத்தை என் கையாலேயே அடைத்துக் கதவைச் சாத்திவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் படி இறங்குகிறேன். உனக்கும் ஒருநாள் இந்த வேலை வாய்க்க வேண்டாம். அதனால்தான் சொல்கிறேன், வாங்காதே. வருகிற புதன்கிழமை பேருந்தில் புறப்பட்டு அங்கேயே வந்துவிடுகிறேன். உன் வீட்டுப் பின்னறையைக் காலி செய்து வை. நெப்ராஸ்காவில் மேடு என்று சொல்ல ஒரு எறும்புப் புற்றுகூட இல்லை என்று உன்னைக் கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது எனக்கு அதுதான் வேண்டும். சனிக்கிழமைகளில் ஜன்னலைத் திறந்தால் ஒன்றும் தெரியக்கூடாது.

லோயிஸுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசி. உன் வீட்டில் நாற்காலிகள் நிமிர்ந்தே இருக்கட்டும், அவற்றில் ஆட்கள் உட்கார்ந்தே இருக்கட்டும்.

உன் அண்ணன்,
ஓரின்

பின்குறிப்பு, அதே நாள் சாயங்காலம்: பின்னறையைக் காலி செய்ய வேண்டாம். எல்லோரும் சீக்கிரமே திரும்பிவிட்டார்கள். மதியம் மரிசோல் விழுந்து முழங்காலைத் திருப்பிக்கொண்டாள், எலும்புக்கு ஒன்றுமில்லை, சவ்வுதான், பாவம். கிரேடி கீழே வந்து, "அப்பா, அடுத்த சனிக்கிழமையிலிருந்து முன்சீட்டு காலி. நீங்க வர்றீங்களா?" என்று கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்னேன், ஆனால் அவன் படியேறி முடிப்பதற்குள் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சும்மா எப்படி இருக்கிறதென்று பார்க்க இப்போது கராஜுக்குப் போய் முன்சீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். கால் நீட்டினால் எதுவும் இடிக்கவில்லை. முதுகுக்குச் சூடு வருகிறது. கண்ணாடி வழியாக ஊரே தெரிகிறது. அருமையான வண்டி தம்பி, யோசிக்காமல் வாங்கு. டாக்டர் ஆறு வாரத்தில் சரியாகிவிடும் என்றாராம். மூட்டு விஷயத்தில் அவசரப்பட்டுக் காலம் முழுக்க நொண்டிய ஏழு பேரின் உதாரணங்களைச் சொல்லி, பனி உருகும்வரை அசையவே கூடாது என்று மரிசோலுக்கு நானே சூப் கொண்டுபோய்க் கொடுத்து விளக்கிவிட்டு வந்திருக்கிறேன். கண் கலங்கி, "உங்களை மாதிரி யாரு மாமா என்னைப் பாத்துக்குவாங்க?" என்றாள்.