பாலைவனத்தில் கழற்றிய சப்பாத்துகள்

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாசலைக் கண்டால் கால் தானாகச் சப்பாத்தைக் கழற்றிவிடும். என் காலோ வாசலே இல்லாத இடத்தில் கழற்றியது. அதுவும் தனியாக இல்லை, ஒரு மாநாட்டையே கழற்ற வைத்தது.

டென்மார்க்கின் வடக்கே ஒரு பாலைவனம் இருக்கிறது என்றால் யாழ்ப்பாணத்து மச்சான் இன்னும் நம்புவதில்லை. ரோபியர் மீலே என்று பெயர். பெரிய மணல்மேடு, காற்று தள்ளத் தள்ள வருடா வருடம் நகரும். (எல்லோருக்கும் இதை விளக்கிய நான் மட்டும் காதில் வாங்கவில்லை.) பக்கத்து ஹோட்டல் ஒன்றில், மாநாட்டுக்கு வருபவர்களை விடியற்காலையில் அங்கே நடக்கக் கூட்டிப்போவது என் தற்காலிக வேலை. முதல் நடை ஒழுங்காக முடிந்தால் நிரந்தரமாக்குவதாக மனேஜர் கீர்ஸ்டன் சொல்லியிருந்தார்.

புறப்படும்போது மனைவி கேட்டாள்: "இஞ்சேருங்கோ, பாதை வடிவாத் தெரியுமோ?"

"ஓம், கண்ணைக் கட்டிவிட்டாலும் போவன்."

"போவியள். திரும்பி வருவியளோ?"

கீர்ஸ்டனும் நடைக்கு வந்திருந்தார், புத்தம்புதுச் சப்பாத்தோடு. "மண்டபத்துக்குப் புதுக் கம்பளம் போட்டிருக்கிறோம். மணல் வரக்கூடாது" என்று என் காதோடு சொன்னார்.

எனக்கா யோசனை வராது? மணல் தொடங்கும் இடத்தில் எல்லோரையும் பேருந்திலிருந்து இறக்கி நிறுத்தி, சப்பாத்துகளைக் கழற்றச் சொல்லி, கல்யாண மண்டப வாசலில் போல ஜோடி ஜோடியாக அடுக்கிவைத்தேன். அந்த வரிசையைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

மேட்டின் உச்சிக்கு ஏறியபோது சூரியன் எழும்பியது. பெரிய பெரிய ஆட்கள் சின்னப் பிள்ளைகளாகி மணலில் உருண்டார்கள். அப்போது காற்றும் எழும்பியது. வந்த காலடிகள் அழிந்து, நாலு பக்கமும் ஒரே மணலாகிவிட்டது.

"இந்தப் பக்கம்!" என்றேன், வீறாப்பாக. இறங்கிய இடத்தில் சப்பாத்தும் இல்லை, பேருந்தும் இல்லை. ஒரு தார்வீதிதான் இருந்தது. சாரதிக்குப் போன் போட்டு அங்கே வரவழைத்தோம். திரும்பிப் போய்த் தேட நேரமில்லை, தொடக்கவுரை நெருங்கிவிட்டது. வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டேன். அத்தனை பேரும் வெறுங்காலோடு, விரலிடுக்கு நிறைய மணலோடு, புதுக் கம்பளத்தில் நடந்து போனார்கள். (என்ன மாநாடு என்று இன்னும் சொல்லவில்லையே. கால் வைத்தியர்களின் மாநாடு.)

மேடையேறிய தலைமை வைத்தியர் தன் காலைத் தூக்கிக் காட்டினார். "காலம் முழுக்க நோயாளிகளை வெறுங்காலோடு நடக்கச் சொன்னேன். நான் இன்றைக்குத்தான் நடந்தேன்!" மண்டபம் கைதட்டி ஓயவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மாலையில் மனைவியும் நானும் மகளின் பிளாஸ்டிக் மண்வெட்டிகளோடு போய், சப்பாத்து வரிசையை மூடிவிட்ட மணலைத் தோண்டினோம். "சனம் பாலைவனத்தில எண்ணெய் தோண்டுது. நீங்கள் சப்பாத்துத் தோண்டுறியள்" என்று சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரைக்கேறியது. ஒன்றைத் தவிர எல்லாம் கிடைத்தன. கிடைக்காதது கீர்ஸ்டனின் இடது சப்பாத்து.

மறுநாள் தலையைக் குனிந்துகொண்டு அவர் முன்னால் நின்றேன். "உன்னை அனுப்பிவிட்டால் அதை யார் தேடுவது?" என்றார். வேலை நிரந்தரமானது.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிற சனமெல்லாம் வாசலில் நின்று, "அண்ணை, கழட்டினால் திரும்பக் கிடைக்குமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வரும். கீர்ஸ்டன் எதுவும் கேட்பதில்லை. ஒவ்வொரு நத்தார் பண்டிகைக்கும் வருவார், வாசலில் மரியாதையாகக் கழற்றுவார், இரண்டையும் ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டுதான் இடியப்பம் சாப்பிடுவார்.