ஸ்பீடு அண்ணனின் மெதுவான மெஷின்

திண்டுக்கல்லிலேயே மெதுவான மனிதர் யார் என்று போட்டி வைத்தால் முதல் பரிசு எங்கள் தெரு ஸ்பீடு அண்ணனுக்குத்தான். அதை வாங்கிக்கொள்ள மறுநாள் வருவார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் பால் வாங்கக் கிளம்பினால் வீடு வந்து சேர்வதற்குள் அது தயிராகிவிடும் என்பார்கள். அந்த மனிதரைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். கொஞ்சநஞ்சமல்ல, பேரைக் கேட்டாலே வயிறு எரியும்.

காரணம் ஒரு மெஷின். பேனா மாதிரிப் பிடித்துக்கொண்டு அறுக்க, தேய்க்க, துளை போட என்று வீட்டு ரிப்பேர் எல்லாம் பார்க்கிற சின்ன ரோட்டரி மெஷின். அதைத் தேர்ந்தெடுக்க அவர் எட்டு மாதம் எடுத்துக்கொண்டார். தினமும் ஹார்டுவேர் கடைக்குப் போவார். சட்டைப் பையில் பழைய சோப்பு டப்பா மூடி இருக்கும். அதில் மெஷினை ஓட்டிவிட்டு, கண்ணை மூடி மோந்து பார்ப்பார்.

"கருகுன வாடை வருது அப்பு. வேணாம்."

மெஷின் எவ்வளவு வேகமாக ஓடும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இவர் ஒருவர்தான் "எம்புட்டு மெதுவா ஓடும்?" என்று கேட்டார். கடைக்காரர் இவரைக் கண்டாலே சாப்பிடப் போகிறேன் என்று கிளம்பிவிடுவார். அந்த எட்டு மாதத்தில் அவருக்குத் தொப்பையே விழுந்துவிட்டது.

கடைசியில் ஒன்றை வாங்கினார். அதிலிருந்து தெருவே அவர் வசம். மிக்ஸி மூடி, குக்கர் கைப்பிடி, ஜன்னல் கொக்கி, எதுவானாலும் "குடுங்கம்மா, வீட்ல வச்சுப் பாத்துட்டு வாரேன்" என்று வாங்கிப் போவார். மூன்று நாள் கழித்துப் புதுசு மாதிரி திரும்பி வரும். அகரத்தில் இருக்கும் என் மாமியார்கூட உடைந்த தேங்காய்த் துருவியோடு பஸ் ஏறி வந்தார். என்னிடம் அல்ல. யார் கண் முன்னாலும் அவர் வேலை செய்ததில்லை என்பதால், ரகசியமாக வேறு எங்கோ கொடுத்து வாங்குகிறார் என்று நான் நம்பினேன். அப்படி நம்புவது இதமாக இருந்தது.

நான் பிசிக்ஸ் வாத்தியார். சுழலும் பொருட்களைப் பற்றி இருபது வருடமாகப் போர்டில் எழுதுகிறவன். என் மனைவி செல்வியோ குழாய் சொட்டினால்கூட "ஸ்பீடு அண்ணனக் கூப்பிடுங்க" என்பாள். ரோஷம் வந்து, கடையில் இருந்ததிலேயே வேகமான மெஷினை இரண்டே நிமிடத்தில் வாங்கி வந்தேன். முதல் வேலை, மிக்ஸி மூடியின் பிசிறைத் தேய்ப்பது. மூடி உருகி நூல் நூலாக மெஷினில் சுற்றிக்கொண்டது. செல்வி மிச்ச மூடியை ஹால் அலமாரியில், பள்ளியில் எனக்குக் கொடுத்த கேடயத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பிறகுதான் என் இடது கை மோதிர விரல் கதவில் நசுங்கியது. வீங்கி நீலம் பூத்தது. சோப்பு, எண்ணெய், நூல், எதற்கும் கல்யாண மோதிரம் அசையவில்லை. நான் என் மெஷினைப் பார்த்தேன். செல்வி அந்த மூடியைப் பார்த்தாள். உடனே ஸ்பீடு அண்ணன் வீட்டுக்கு ஓடினாள்.

மெஷினோடு வந்தவர் விரலைப் பார்த்தார். பழக்க தோஷத்தில் "வீட்ல வச்சுப் பாத்துட்டு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். விரலைக் கழற்றிக் கொடுக்க முடியாதே. செல்வியை ஐஸ் வாங்கிவரக் கடைக்கு அனுப்பிவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"வாத்தியாரே, யார்ட்டயும் சொல்லிராதீங்க. எனக்குக் கை நடுங்கும். வேகமா ஓடுற மெஷின் எங் கையில நிக்காது. அதான் அம்புட்டு நாளாத் தேடுனேன்."

"அப்ப எப்படிண்ணே அறுப்பீங்க?"

"வீட்ல கைய மேஜையோட சேத்துக் கட்டிக்கிருவேன். இங்க நீங்க புடிச்சுக்கங்க."

பிடித்தேன். அந்த மணிக்கட்டு என் பிடிக்குள் துடித்துக்கொண்டே இருந்தது. மோதிரத்துக்கும் தோலுக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்றைச் செருகினார். கொஞ்சம் அறுப்பார், நிறுத்துவார், தண்ணீர் விடுவார், "சுடுதா?" என்பார். ஒரு மணி நேரம் ஆனது. எந்தக் கையை நினைத்து இத்தனை நாள் வயிறெரிந்தேனோ, அதே கையைத்தான் பிடித்திருந்தேன். வெட்கமாக இருந்தது. ஐஸோடு வந்த செல்வி எங்களைப் பார்த்து "ஒதவி பண்றீங்களாக்கும்" என்றாள். மோதிரம் விட்டது. விரலில் ஒரு கீறல் இல்லை.

இப்போது பள்ளி விட்டதும் அவர் வீட்டுக்குப் போய்விடுகிறேன். நான் மணிக்கட்டைப் பிடிக்க, அவர் அறுக்கிறார். நடுக்கத்தை மறைப்பதையும் விட்டுவிட்டார். இதை எழுதட்டுமா என்று கேட்டதற்கு "மெதுவா எழுதுங்க" என்றார்.

போன வாரம் நான் பரீட்சை வேலையில் மாட்டிக்கொண்ட அன்று, எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மணிக்கட்டைப் பிடிக்கச் சொன்னாராம். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.