ஐம்பத்தெட்டு கிலோ புத்தகம்

பாரிவாக்கம்,
பூந்தமல்லி.
ஞாயிறு.

மதிப்பிற்குரிய சம்பந்தி மணவாளன் அவர்களுக்கு, தேவராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் படகும் சுகம். அங்கே தாங்களும், முட்டிவலியோடு சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளையும், என் மகள் மைதிலியும், பேத்தி பவ்யாவும், பேத்தியைப் பார்த்துக்கொள்ள வந்த என் மனைவி பார்வதமும் சுகம் என்பது தினமும் போனில் தெரிகிற சங்கதிதான். ஆனாலும் கேட்காமல் தொடங்கினால் கடிதம் மொட்டையாக இருக்கும். கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் தாங்கள் ஓய்வு பெறுவதாகவும், அதன்பின் படிக்கத் தகுந்த புத்தகங்களை நான் சொல்ல வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். ஞாயிறுதோறும் புத்தக மூட்டையோடு படகில் போகிற மனுஷன் என்று பார்வதம் பெருமையாகச் சொன்னாளாம். ஆவடி தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் உதிரி பாகங்களை எடை பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். புத்தகத்தையும் எடை பார்த்துத்தான் சொல்லத் தெரியும்.

என் பாய்மரப் படகு சின்னது, பத்தடி. ஒருவர் சுக்கானைப் பிடிக்க, இன்னொருவர் காற்று வரும் பக்கமாக ஏறி உட்கார்ந்தால்தான் கவிழாமல் போகும். அந்த இன்னொருவர், நான் ஓய்வு பெற்றதிலிருந்து ஒன்பது வருஷமாகப் பார்வதம். 'தள்ளி உக்காரு' என்று நான் வாயைத் திறப்பதற்குள் தள்ளி உட்கார்ந்துவிடுவாள், கையிலிருக்கிற கதையிலிருந்து கண்ணை எடுக்காமலே. மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று ஓசூருக்கு, தங்கள் வீட்டுக்குக் கிளம்பினாள். இப்போது பதினெட்டு மாதம். குறையாகச் சொல்லவில்லை.

அவள் எடை ஐம்பத்தெட்டு கிலோ (இதை நான் எழுதியதாக அவளிடம் சொல்ல வேண்டாம்). அந்த இடத்தில் மணல் மூட்டை வைக்கலாம் என்று பார்த்தேன், அவள் உட்கார்ந்த பலகையில் மணலைக் கொட்ட மனசு வரவில்லை. வீட்டில் வேறு எதற்கு அவ்வளவு எடை இருக்கிறது? புத்தகத்துக்குத்தான். மைதிலியின் இன்ஜினியரிங் பாடப் புத்தகங்கள், அகராதி, சமையல் புத்தகம், பிறகு பார்வதம் வார இதழ்களிலிருந்து தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு போட்ட பதினோரு தொகுதிகள். எல்லாவற்றையும் நிறுத்துக் கட்டினேன். கரையான்சாவடி சுலைமான் தன் சின்ன யானை லோடு வண்டியில் படகை ஏற்றிக்கொண்டு பழவேற்காடு ஏரிக்கு வந்தார். இறக்கும்போது மூட்டையைப் பார்த்து, "இன்னா நைனா, அம்மா வர்லியா? அவுங்க எடத்துல பொஸ்தகத்த குந்த வச்சிகினு போற?" என்றார். எடை சரியாக இருக்கிறது என்றேன். "எட சரிதான் நைனா. காத்து மாறிச்சின்னா பொஸ்தகம் எந்திரிச்சி அந்தாண்ட குந்துமா?" என்று கேட்டார். நான் பாயை ஏற்றினேன்.

போன கொஞ்ச நேரத்தில் காற்று செத்துவிட்டது. ஏரி நடுவில் ஒரு மணி நேரம் சும்மா இருக்க முடியாமல் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். என் இலக்கிய அறிவு முழுக்க அந்த ஒரு மணி நேரத்தில் வந்ததுதான். பாடப் புத்தகம் கனம் உண்டு, பேச்சுத் துணைக்கு ஆகாது. சமையல் புத்தகத்தைத் தனியாக இருக்கிறவன் தொடவே கூடாது, எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் 'நான்கு பேருக்கு' என்றே தொடங்குகிறது. அகராதியில் ஒரு வார்த்தையைத் தேடினால் பக்கத்து வார்த்தை பிடித்துக்கொள்கிறது, பொழுது போகும். இப்படி ஆராய்ச்சி நடக்கும்போது காற்று திடீரென்று எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. நான் பழக்க தோஷத்தில், "பார்வதம், தள்ளி உக்காரு" என்று சத்தமாகச் சொன்னேன். மூட்டை அசையவில்லை. படகு கவிழ்ந்தது.

அந்த ஏரியில் நடுவிலும் இடுப்பளவுத் தண்ணீர்தான், பயப்பட வேண்டாம். அவளுடைய தொகுதிகளை மட்டும் பிளாஸ்டிக் டிரம்மில் மூடிவைத்திருந்ததால் அவை மிதந்தன. சுலைமான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்து, "அம்மாவ இட்டுகினு வா நைனா" என்று மட்டும் சொன்னார். அகராதியை மாடியில் காயப்போட்டேன், உப்பிப்போய் இன்றுவரை மூட முடியவில்லை.

ஆகவே தங்களுக்கு என் சிபாரிசு அகராதி ஒன்று, பார்வதத்தின் ஏழாவது தொகுதி ஒன்று. குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் ஒரு பெண் வேலைக்குப் போன புருஷனுக்காக வாசலில் காத்திருக்கிற கதை. முப்பது வாரம் காத்திருக்கிறாள். கடைசி வாரத்தின் பக்கங்கள் மட்டும் பைண்டிங்கில் விட்டுப்போயிருக்கின்றன.

இன்னொரு சின்ன விஷயம். காற்றுக் காலம் தொடங்கிவிட்டது. பார்வதத்தை இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பிவைத்தால் படகு ஓடும். வற்புறுத்தவில்லை, சம்பந்தியிடம் வற்புறுத்துவது முறையும் இல்லை. சம்பந்தியம்மாவின் முட்டிக்கு என் விசாரிப்பு, மாப்பிள்ளைக்கும் மைதிலிக்கும் என் ஆசி, பவ்யாவுக்குக் கன்னத்தில் ஒரு முத்தம்.

இப்படிக்கு,
தேவராஜ்

பின்குறிப்பு (திங்கள்): மேலே எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம். படகு தண்ணீரில் இறங்கியது அந்த ஒரு ஞாயிறுதான். பார்வதத்திடம் வாராவாரம் போவதாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மற்ற ஞாயிறுகளில் கார் ஷெட்டில் படகுக்குள் உட்கார்ந்து, அவள் உட்காரும் பக்கத்தில் புத்தகங்களை அடுக்கிவைத்துவிட்டு, அந்தத் தொகுதிகளைத்தான் படிக்கிறேன். இன்று காலை ஏழாவது தொகுதியை மறுபடி எடுத்தபோதுதான் பைண்டிங் ஓரத்தில் மங்கிய பென்சில் எழுத்தைக் கவனித்தேன். அவள் கையெழுத்து. 'மணி ஏழு. இவர் வரவில்லை.' 'இன்றும் ஓவர்டைம்.' 'ஞாயிறு. இன்றும்.' மற்ற தொகுதிகளையும் எடுத்துப் பார்த்தேன். பதினொன்றிலும் இருக்கிறது. ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது. பதினெட்டு மாதத்துக்கே நான் இந்தக் குதி குதிக்கிறேன். அவளை அனுப்பச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அங்கே அவளுக்குப் பிடித்திருந்தால் இருக்கட்டும். அந்தக் கதையில் கடைசி வாரம் அவன் வீட்டுக்கு வந்தானா என்று மட்டும் அவளிடம் கேட்டு எழுதுங்கள்.